இசைத்தட்டைத் திருப்பிப் போட்டவன்

என் தம்பிக்கும் என் கணவராக இருந்தவருக்கும் இன்றும் நல்ல நட்பு. இதைக் கேள்விப்படுகிறவர்கள், "நல்ல விஷயம்தானே, பகையில்லாம பிரிஞ்சிருக்கீங்க" என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அதில் எனக்கு என்ன வலி என்று விளக்கிச் சொல்லும் அளவுக்கு யாரும் நின்று கேட்பதில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நாங்கள் புவனகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பா காலத்திலேயே நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. நான் லேப் டெக்னீசியன் படித்துவிட்டுக் கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். என்னைவிட ஐந்து வயது சிறியவனான தம்பி சிதம்பரம் தெற்கு வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை போட்டான். அப்பா போன பிறகு அம்மா அவனோடுதான். எனக்குக் கல்யாணமானது கடலூரிலேயே செம்மண்டலத்தில் சொந்த வீடு இருந்த ஒருவரோடு. தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையில், தரம் பார்க்கும் பிரிவில் அவருக்கு வேலை. குடி இல்லை, சிகரெட் இல்லை. புதுச்சேரிக்குப் போய் பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்கி வருவது மட்டும்தான் பழக்கம். அவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா ரொம்பப் பெருமையாக, "பாட்டுக் கேக்குற புள்ள கோவக்காரனா இருக்க மாட்டான்" என்றாள். கோபக்காரர் இல்லை என்பது உண்மைதான். அவர் குரல் உயர்ந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

கல்யாணமாகி ஆறேழு மாதத்தில் தம்பிக்கும் அவருக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பலகாரம் கொடுத்துவிட்டுப் போக வந்தவன், கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த தட்டைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அடுத்த வாரமும் வந்தான். அதன்பின் ஞாயிறு என்றால் அவன் வண்டி எங்கள் வாசலில் நிற்கும். சிதம்பரத்திலிருந்து காலையிலேயே கிளம்பி, ஆலப்பாக்கம் வழியாக வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவான்.

பத்து மணிக்கு ஆரம்பிப்பார்கள். ஒரு வாரத்துக்கு ஒரு ஆல்பம். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, தட்டில் இருக்கிற வரிசையில்தான் கேட்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டக் கூடாது, பிடித்ததைத் திரும்பப் போடக் கூடாது. "பாட்டு கேக்குறது வேற மச்சான், ஆல்பம் கேக்குறது வேற" என்பார். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதையும் இசையமைத்தவர் யோசித்துத்தான் வைத்திருப்பார் என்பது அவர் கட்சி. அதெல்லாம் கம்பெனிக்காரன் இடம் பார்த்து அடுக்கினது என்பது தம்பியின் கட்சி.

தட்டு ஓடும்போது பேசக் கூடாது. போன் அணைந்திருக்க வேண்டும். கூடத்து மின்விசிறி கீச்சிடும் என்பதால் அதுவும் ஓடாது. அடுக்களையில் மிக்ஸி போடக் கூடாது, குக்கர் விசில் வரக் கூடாது. ஆகவே நான் பத்து மணிக்குள் குழம்பை இறக்கிவிட்டு, மீதியைச் சத்தமில்லாமல் செய்யப் பழகினேன். வெங்காயம் நறுக்குவதுகூடப் பலகையின் மேல் துணி விரித்துத்தான்.

இரண்டாம் பக்கம் முடிந்ததும் டீ. அதன்பின் பேச்சு. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும் என்பதை மறைக்க மாட்டேன். அடுக்களை வாசலில் நின்று கேட்பேன். தம்பிக்கு மேளமும் நாட்டுப்புற மெட்டும் உயிர். வயலின்கள் கூட்டமாக வந்தாலே, "இது ஜாஸ்தி மாமா, சோத்த விட நெய் ஜாஸ்தி" என்பான். ஊரே கொண்டாடுகிற ஒரு ஆல்பத்தை, முதல் மூன்று பாட்டோடு சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லி அவரோடு ஒரு மாதம் சண்டை போட்டான். அவர் அப்படி அடித்துப் பேச மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொல்வார். ஒரு தடவை, யாரும் நினைவு வைத்திராத ஒரு சின்னப் பாட்டைப் பற்றிச் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. "இந்தப் பொண்ணு அழுவல பாரு மச்சான். அவ அழுதுட்டா நமக்கு வேலையில்ல. அவ அழாம விட்டதாலதான் நாம அழுவ வேண்டியிருக்கு."

எனக்கும் அபிப்பிராயங்கள் இருந்தன. ஒரு முறை அந்த வாசலில் நின்றபடியே, இரண்டாம் பக்கத்து முதல் பாட்டில் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அதுதான் அந்தப் பாட்டுக்கு அழகு என்றேன். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "முழுசா உக்காந்து கேட்டுட்டு சொல்லும்மா" என்றார். நான் உட்கார்ந்தால் மத்தியானம் யார் சோறு போடுவது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் தடவை நடந்தது குக்கரால்தான். பருப்பு வைத்ததை மறந்துவிட்டேன். பாட்டுக்கு நடுவே புல்லாங்குழல் தனியாக வந்துகொண்டிருந்த இடத்தில் விசில் அடித்துவிட்டது. அவர் எழுந்து வரவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆல்பம் முடிந்தது, பேசினார்கள், சாப்பிட்டார்கள், தம்பியை வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தார். அதன்பின் பத்துப் பன்னிரண்டு நாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தில் கோபம் கிடையாது. போட்டதைச் சாப்பிடுவார், தட்டைத் தானே கழுவி வைப்பார், துணியைக் காயப்போடுவார். நான் எதையாவது கேட்டால், பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போலப் போய்விடுவார். பிறகு ஒரு காலையில் காபியில் சர்க்கரை குறைவு என்றார். அவ்வளவுதான், முடிந்தது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்று உடம்பு கூசுகிறது.

அப்புறம் காரணங்கள் சிறிதாகிக்கொண்டே போயின. அவர் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் நான் முன்னாலேயே கிளம்பியது. ஆலைக்குப் போகும் நேரத்தில் நான் போனில் பேசிக்கொண்டிருந்தது. சில சமயம் காரணமே தெரியாது. தெரிந்திருந்தால் அதைச் செய்யாமல் இருந்திருப்பேன். தெரியாததால் எதையுமே செய்யாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் வேறு குரல் கிடையாது. பேசாத வாரங்களில் ஞாயிறு வரவேண்டும் என்று நான் காத்திருப்பேன். தம்பி வந்தால்தான் அவர் வாய் திறப்பார். அவன் எதிரில் என்னிடம் நேராகப் பேச மாட்டார், ஆனால் "உங்க அக்கா போட்ட டீ" என்று என்னைப் பற்றி ஒரு வார்த்தை வரும். அதை நான் என்னோடு பேசியதாகவே எடுத்துக்கொள்வேன்.

ஒரு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் பரிசோதனை நிலையத்திலேயே ரத்தம் எடுத்துப் பார்த்தோம். டெங்கு. வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் கேட்டார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் சொம்பில் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்தார். கஞ்சி வைத்தார். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனார். டாக்டரிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். என்னிடம் மட்டும் பேசவில்லை. அந்த ஆட்டோவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று முதன்முதலாகத் தோன்றியது.

உடம்பு தேறியதும் சிதம்பரம் போனேன். தம்பி கடையில் கூட்டமில்லாத நேரம். ஒரு பெரியவரின் கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். அவர் போனதும், எனக்கு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்றேன். அவன் கையில் இருந்ததைக் கீழே வைத்தான்.

"அடிச்சாரா?"

"இல்ல."

"வேற பொம்பள எதுனா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்புறம் என்னாக்கா?"

"எங்கிட்ட பேச மாட்டேங்கிறாருடா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமாவா? வாயத் தொறந்தா மணிக்கணக்கா பேசுவாரே. எனக்கே சில நாளு பசி வந்துடும்."

நான் விவரமாகச் சொன்னேன். எத்தனை நாள், எதற்கெல்லாம், காய்ச்சலில் எப்படி என்று. சொல்லச் சொல்ல எனக்கே அது சின்ன விஷயமாகக் கேட்டது. ரத்தம் வராத காயத்தைக் காட்ட எந்தச் சொல்லும் போதவில்லை. அவன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், மாமாவுக்கு ஆலையில் பிரச்சினை இருக்கும், நான் அவரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றான். ஒரு பாட்டில் அவ்வளவு நுணுக்கமாக வலியைக் கேட்கிற மனிதர் பக்கத்தில் இருக்கிறவளின் வலியைக் கேட்காமல் இருப்பாரா, எனக்குத்தான் ஏதோ மனக்குழப்பம் என்றான். அவன் அதை அன்பாகத்தான் சொன்னான்.

அதற்கடுத்த மாதம் ஒரு ஞாயிறு. மூன்று வாரமாக என்னிடம் அவர் பேசவில்லை. அன்றைக்குப் போட்ட ஆல்பத்தை அவர் ரொம்ப நாளாகத் தேடி, நல்ல நிலையில் கிடைத்தது என்று பூரித்துப்போயிருந்தார். முதல் பக்கம் முடிந்ததும், வழக்கத்துக்கு மாறாக, இடையிலேயே பேச ஆரம்பித்தார். கடைசிப் பாட்டில் இரண்டு அடிகளுக்கு நடுவே ஒரு இடைவெளி விட்டிருக்கிறார்களாம். வாத்தியம் இல்லை, குரலும் இல்லை. "அந்த எடத்துல அவ காத்துக்கினு நிக்கிறா மச்சான். பதில் வரும்னு. அந்தச் சும்மா இருக்கிற எடம்தான் பாட்டு. மத்ததெல்லாம் அதுக்குக் கட்டுன சுவரு" என்றார்.

நான் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்காமலே கூடத்துக்கு வந்தேன். இருவரையும் பார்க்கவில்லை, தம்பியை மட்டும் பார்த்தேன்.

"இவரு எங்கிட்ட பேசி மூணு வாரம் ஆவுது. நீயே கேளு."

 தட்டு சுற்றிக்கொண்டிருந்தது, ஊசி கடைசிக் கோட்டில் கரகரத்தது. அவர் முகம் மாறவில்லை. தம்பியைப் பார்த்து, ஒரு விருந்தாளிக்குச் சங்கடம் வந்துவிட்டதே என்பது போல லேசாகச் சிரித்தார்.

"அடுத்த சைடு போடலாமா மச்சான்?"

தம்பி என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு எழுந்து போய் ஊசியைத் தூக்கினான். இசைத்தட்டின் விளிம்பில் மட்டும் விரல் படும்படி, அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே பதனமாக எடுத்து, திருப்பிப் போட்டான்.

நான் அன்றைக்கு அவர்களுக்குச் சோறு போடவில்லை. அறைக்குப் போய் ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டேன். கூடத்தைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். கடந்து போனேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் இருவரும் பேசவில்லை. சிதம்பரம் பஸ் உடனே கிடைத்தது. அம்மா கதவைத் திறந்து பையைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் உள்ளே விட்டாள். தம்பி சாயங்காலம்தான் வந்தான். ஆல்பத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, பேசவேண்டியதைப் பேசிவிட்டு வந்தான் என்று எனக்குப் புரிந்தது.

அவன் வீட்டில் சில மாதம் இருந்தேன். யாரும் என்னைக் குறையாக நடத்தவில்லை. தம்பி மனைவி எனக்கென்று தனியாகத் தலையணை உறை தைத்துப் போட்டாள். ஆனால் ஞாயிறு வந்தால் அவன் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புவான். முதல் வாரம் நான் அதை நம்பவில்லை. சமாதானம் பேசப் போகிறான் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள், அந்தப் போக்குவரத்தாவது அறுந்துபோகாமல் இருக்கட்டும் என்றாள். திரும்பி வந்து அவன் சொன்னது, மாமா நன்றாக இருக்கிறார், ஓட்டலில் சாப்பிடுகிறார், இந்த வாரத் தட்டில் கீறல் ஜாஸ்தி. என்னைப் பற்றி என்ன கேட்டார் என்று அம்மா கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை என்றான்.

சிதம்பரத்திலேயே ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. வடக்கு வீதிப் பக்கம் ஒரு மாடி அறை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். விவாகரத்துக்கு அவரும் சம்மதித்துவிட்டதால் இழுத்தடிக்கவில்லை. கடைசி நாள் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எனக்குத் துணையாக வந்தவன் தம்பி. எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் மரத்தடியில் அவர் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். தம்பி ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு அவரிடம் போனான். ஏதோ பேசினார்கள். திரும்பி வந்து, மாமா வரச் சொல்கிறார், செம்மண்டலம் வரைக்கும் போய்விட்டு வந்துவிடுகிறேன், நீ பஸ்ஸில் போய்விடுவாய்தானே என்றான். போய்விடுவேன் என்றேன். எனக்குத் துணைக்கு வந்தவன் அவர் பின்னால் உட்கார்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தனி அறையில் எனக்கு முதலில் தோன்றியது, இனி நான் உட்கார்ந்து முழுசாகக் கேட்கலாம் என்பதுதான். ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கினேன். போனில் எல்லா ஆல்பமும் கிடைக்கிறது. மின்விசிறியை ஓடவிட்டு, குக்கரையும் வைத்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்டேன். கேட்க முடியவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் அவர் உட்கார்ந்திருந்தார். இந்த இடத்தில் வயலினைக் கவனி, இந்த அடியில் அவள் மூச்சு வாங்குவதைக் கவனி என்று அந்த மெதுவான குரல் என் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தது. அதைவிடக் கொடுமை, அவர் சொன்னது எல்லாமே சரியாக இருந்தது. அந்தப் பெண் அழவில்லைதான். அந்த இடைவெளிதான் பாட்டு. அவருக்கு ரசனை இல்லை, எல்லாம் வேஷம் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள ஒரே ஒரு பாட்டாவது கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. ஒரு மனிதனுக்கு அவ்வளவு கேட்கும் காது இருந்தும், கேட்க வேண்டாம் என்று முடிவு செய்து உட்கார்ந்திருக்க முடியும் என்பதை நான் அந்த மாடி அறையில்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

வேலையிடத்தில் என்னோடு இருக்கும் பெண் ஒருத்தி மதியச் சாப்பாட்டின்போது என் போனைப் பிடுங்கிப் பாட்டைப் போடுவாள். பாதியில் "இது போரடிக்குதுக்கா" என்று அடுத்ததற்குத் தாவிவிடுவாள். வாயில் சோறு இருக்கும்போதே அபிப்பிராயம் சொல்வாள். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வாள். ஆனால் அவள் சொல்லி முடித்ததும் ஒன்றும் நடக்காது. அடுத்த நாளும் அவள் என்னோடு பேசுவாள். அது எனக்குப் பழகவே ரொம்ப நாள் ஆயிற்று.

போன தை மாதம் தம்பி மகளுக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் முடியிறக்கிக் காது குத்தினார்கள். நான் அத்தை. கொலுசு வாங்கிக்கொண்டு முதல் நாளே அங்கே போய் வேலைகளைப் பார்த்தேன். காலையில் கோயில் வாசலில் உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வேன் வந்து நின்றது. முன் இருக்கையிலிருந்து அவர் இறங்கினார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. கையில் குழந்தைக்கு ஒரு பொம்மைப் பெட்டி. என்னைப் பார்த்தார். பார்த்த கண் நிற்காமல் என்னைத் தாண்டி மண்டபத்துத் தூணுக்குப் போயிற்று. தம்பி ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

சடங்கு முடியும்வரை நான் வாய் திறக்கவில்லை. குழந்தை தாய்மாமன் மடியில் வீறிட்டு அழுதது, அடங்கியது. பந்தி நடந்துகொண்டிருந்தபோது தம்பியைக் குளத்துப் பக்கம் கூப்பிட்டேன்.

"அவர ஏன் கூப்ட்டன்னு கேக்கல. அன்னிக்கு கூடத்துல நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா இல்லியா, அத மட்டும் சொல்லு."

அவன் படிக்கட்டில் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"கேட்டுச்சுக்கா."

"நம்புனியா?"

"அன்னிக்கே நம்பினேன். உன் மூஞ்சப் பாத்தாலே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டா?"

"வாரம் பூரா கடையில உக்காந்து எழுத்து தெரியுதா, எழுத்து தெரியுதான்னு கேட்டுக்கினு கெடக்கறேன். எங்கிட்ட ஒக்காந்து நீ என்னா நெனக்கிறன்னு கேக்குற ஆளு அவரு ஒருத்தருதான்க்கா. அதையும் விட்டுட்டா எனக்கு என்னா இருக்கு?"

அவன் பொய் சொல்லவில்லை. அவனை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், பொய் சொல்லும்போது அவன் இப்படிக் கண்ணைப் பார்க்க மாட்டான். அவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது. எனக்குப் புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தெரியாமல் செய்தான் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் ஒரு இடம் அவனுக்காக வைத்திருந்தேன். என்னிடம் உண்மையைச் சொன்னதால் அதுவும் போயிற்று.

நான் திட்டவில்லை. உனக்கு அவர் வேண்டுமென்றால் வைத்துக்கொள், நான் இனி உன்னிடம் எதுவும் சொல்ல வர மாட்டேன் என்றேன். அவன் அக்கா என்று கையைப் பிடிக்க வந்தான். விலகிக்கொண்டேன். பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன், அம்மா பக்கத்தில். மூன்று இலை தள்ளி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ஏதோ ஒரு ஆல்பத்தின் முன்னிசையைப் பற்றிச் சொல்ல, தம்பி முதலில் தலையைக் குனிந்தபடி இருந்தான். கொஞ்ச நேரத்தில் மறுத்துப் பேசினான். பாயசம் வருவதற்குள் வாக்குவாதம் சூடாகிவிட்டது. நான் வேனில் ஏறாமல் பஸ்ஸில் திரும்பினேன்.

தம்பியும் நானும் இப்போது அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசாமல் இருப்பது எனக்குத் தெரிந்த வேலை அல்ல, எனக்குச் செய்யப்பட்ட வேலை. ஆகவே அதை அவனுக்குச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. எதிரில் வந்தால் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். ஆனால் எதிரில் வராமல் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது, நான்தான் போய்ப் பார்க்க வேண்டும். அவன் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துப் போகிறேன். கடை திறந்திருக்கும் நாட்களில் மத்தியானம் சாப்பிட வந்துவிடுவான். அவன் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிச்சயமாக வீட்டில் இருக்க மாட்டான் என்று சொல்லக்கூடியது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.